மேசைமேல் கொட்டியாரக்குடா

வெள்ளவத்தை, கொழும்பு
1.9.1974

மதிப்புக்குரிய வாப்பாவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப்போடத்தான் கை துடிக்கும். வாசித்துவிட்டுக் கிழியுங்கள். போன மார்கழியில், வள்ளக்காரன் பக்கீரின் உடலைக் கரையில் கொண்டுவந்து கிடத்திய அன்று, மகன் வராத ஆத்திரத்தில், இனி உங்கள் வாசல்படியை மிதிக்கக் கூடாது என்று என்னிடம் சொன்னீர்கள். இன்றுவரை மிதிக்கவில்லை. கடிதம் எழுதக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. அந்தச் சின்னத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன கிழமை உங்கள் மருமகள் அசனாவின் தமையன் மஹ்ரூப் என் கந்தோருக்கு வந்தான். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அது ஆறும்வரை அழுதுகொண்டிருந்தான். மார்க்க வழக்குகளைத் தீர்க்கிற காதியார் அவன் வீட்டாரிடம் முடிவாகச் சொல்லிவிட்டாராம். ஸுஹைரின் உடல் கிடைக்காதபடியால், தகப்பன் வந்து மகன் மவுத்தாகிவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்போதுதான் அசனாவை இத்தாவில், விதவை ஒதுங்கியிருக்கிற அந்த நாலு மாதமும் பத்து நாளும், இருத்தலாம். இத்தா முடிந்தால்தான் அவளுக்கு இன்னொரு வாழ்க்கை. தகப்பன் சொல்லாவிட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, வாப்பா. மனைவி என்றும் சொல்ல ஏலாமல், விதவை என்றும் சொல்ல ஏலாமல் உங்கள் குசினிக்குள் நிற்கிறாள்.

உங்கள் ஆட்களின் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். குறிஞ்சாக்கேணியில் அவளுக்குக் கட்டிய வீடு சீமெந்து கிடைக்காமல் பாதியில் நின்றதால்தான் அவள் உங்கள் மருமகளாக உங்கள் வீட்டுக்கே வந்தாள். அந்த வீட்டுக்குச் சீமெந்து ஏற்றிய வள்ளத்தில்தான் ஸுஹைரும் போனான். கவிழ்ந்த வள்ளம் கரைக்கு வந்தது. பக்கீரின் உடல் வந்தது. மார்கழிக் காற்றில் கொட்டியாரக்குடா எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். மீசை முளைத்த பிறகும் ஈயப் படைகளை வைத்துக்கொண்டு தபாலில் சண்டை பிடித்தவர்கள் நாங்கள். கொட்டியாரக்குடாவைச் சின்னதாகச் செய்து வைத்த அவனுடைய மேசை அங்கே உங்கள் பின்னறையில். அதே அளவில், அதே கடலும் வயலுமாக என்னுடையது, கால் இல்லாத பலகை, இங்கே கட்டிலுக்குக் கீழே. நீலப்படை அவன், சிவப்புப்படை நான். அவன் ஒருமுறை நகர்த்திக் கடிதம் போடுவான், அடுத்தமுறை நான். அவன் முறையில் ஆட்டம் நிற்கிறது.

அந்த மேசையை நீங்கள் இதுவரை அடுப்பில் வைக்காவிட்டால், மழைக்கு முன் ஒரு தறப்பாளால் மூடுங்கள். அதில் இருக்கிற மரத்தூள் புல்லுக்குப் போட்டது பாய்ச்சாயம். ஈரம் பட்டால் கசியும்.

பாக்கியரத்தினம்


786
உட்துறைமுக வீதி, திருகோணமலை
12.9.1974

தம்பி பாக்கியரத்தினம் அறிவது,

வாப்பா என்று எழுத உமக்கு யார் பட்டம் தந்தது? உமக்குத் தகப்பனார் இருக்கிறார். அவரை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடும்.

மஹ்ரூப் அழுதானாம். அவனுக்குக் கண்ணீர் எப்போதும் மலிவு. தங்கச்சியை வேறு இடத்தில் கட்டிக்கொடுக்க அவனுக்கு அவசரம். என் மகனை நான் கொன்றால்தான் அவனுக்குக் காரியம் நடக்கும். நான் ஏன் சொல்ல வேண்டும்? மையித்தைப் பார்த்தேனா, குளிப்பாட்டினேனா, ஒரு பிடி மண் போட்டேனா? கடல் திருப்பித் தராததை நானாகப் போய் எழுதிக் கொடுப்பதா? காதியாருக்கும் இதைத்தான் சொன்னேன்.

வேறு யாருக்கும் சொல்லாத ஒன்றை உமக்குச் சொல்கிறேன். உம்மேல் பிரியத்தில் அல்ல. இந்தக் கூத்தை அவனுக்குப் பழக்கியவர் நீர் என்பதால். என் வீட்டில் உருவங்கள் வேண்டாம் என்று அன்றே சொன்னேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? அரத்தை எடுத்து அத்தனை பொம்மையின் முகத்தையும் ராவிவிட்டு, "இப்ப இது உருவமில்ல வாப்பா, வெறும் ஈயம்" என்றான். வலையில் கட்டுகிற ஈயத்தை உருக்கி வார்த்த பொம்மைகள்தானே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த முகமில்லாதவன்களில் ஒருவன் நகர்கிறான்.

விடிய சுபஹு தொழுதுவிட்டு, மரம் அறுக்கிற மரக்காலைக்குப் போகுமுன் அந்த அறையை எட்டிப்பார்ப்பது என் வழக்கம். மேசைமேல் நீலக் கொடி பிடித்தவன் கிண்ணியாத் துறையடியில் நின்றான். ஒருநாள் துறையடியைத் தாண்டி வயலுக்குள் நின்றான். எலி என்று நினைத்தேன். எலி தள்ளினால் விழுந்துதானே கிடக்க வேண்டும்? அவன் நிமிர்ந்து நிற்கிறான். சில நாள் கழித்து இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றான். ஜெஸீமா அந்தப் பக்கமே போவதில்லை, பெற்றவளுக்கு அந்த அறையைப் பார்க்கவே ஏலாது. அசனாவும் போவதை நான் காணவில்லை.

தம்பி, ஒளிக்காமல் சொல்லும். அவன் உம்மிடம் கொழும்பில் இருக்கிறானா? இடையிடையே வந்து மேசையைத் தொட்டுவிட்டுப் போகிறானா? அவன் ரோசக்காரன். என்ன கோபமானாலும் முன்வாசலால் வரச்சொல்லும். நோன்பு வருகிறது. அவன் உம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸெய்னுதீன்


வெள்ளவத்தை
20.9.1974

அன்புள்ள ஐயா,

அவன் என்னிடம் இல்லை. கோணேசர்மேல் ஆணை. அவன் என்னிடம் இருந்தால் நான் இப்படிக் கடதாசியோடு மல்லுக்கட்டுவேனா? கழுத்தில் கயிறு போட்டென்றாலும் உங்களிடம் இழுத்து வந்திருப்பேன்.

எலியாகத்தான் இருக்கும் என்று முதலில் எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு கட்டிலுக்குக் கீழே இருக்கிற என் மேசையை வெளியே இழுக்க எனக்குப் பயமாக இருந்தது. அறையில் கூட இருப்பவன் வந்த பிறகுதான் இழுத்தேன். என் மேசையில் ஒன்றும் நகரவில்லை. நிம்மதியும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. என்னிடம் அவன் வரவில்லையே என்று. பைத்தியக்காரக் கதைதான், மன்னியுங்கள்.

ஒரேயொரு காரியம் செய்யுங்கள். எங்கள் ஆட்டத்தில் அளவு சாண்தான். வெறும் பாதையில் ஒரு படைவீரன் ஒரு முறைக்கு ஒரு சாண் போகலாம். புல்லுக்குள் அரைச் சாண்தான். புல் காலைப் பிடிக்கும் என்பது ஸுஹைர் போட்ட சட்டம். அதனால்தான் அவன் புல்லுக்கு அவ்வளவு பாடுபட்டான். அவன் முறை முடிந்தால் மற்றவன் முறை. ஒருவனே இரண்டு முறை தொடர்ந்து நகர ஏலாது. கொடிக்காரன் எவ்வளவு தூரம் நகர்ந்தான், எதன்மேல் நகர்ந்தான் என்று அளந்து எழுதுங்கள். சும்மா தட்டுப்பட்டதா, ஆட்டம் தெரிந்த கையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அதுவரை அசனாவுக்குச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பறிக்கக் கூடாது.

பாக்கியரத்தினம்


786
திருகோணமலை
21.10.1974

தம்பி பாக்கியரத்தினம்,

நோன்பு முடியட்டும் என்று இருந்தேன். பெருநாளும் போய்விட்டது. அசனா புதுச்சீலை வேண்டாம் என்றுவிட்டாள். அவளுடைய தாயும் தகப்பனும் குறிஞ்சாக்கேணியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு கூட்டிப்போக வந்தார்கள். "நான் வரல்ல உம்மா" என்று அவள் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று கேட்டார்கள். என்னை ஒருதரம் பார்த்தாள். இவளுக்கும் தெரிந்திருக்கிறது, என் மகன் உயிரோடு இருக்கிறான் என்று இவளுடைய மனமும் சொல்கிறது என்று நினைத்தேன். காதியார் மறுபடியும் ஆளனுப்பினார். போகவில்லை.

அளக்கச் சொன்னீர். மரம் அளக்கிற கைக்கு இந்த மேசை பெரிய வேலை இல்லை. வயலுக்குள் அரைச் சாண். அடுத்தமுறையும் அரைச் சாண். பாதைக்கு ஏறிய நாளில் முழுச் சாண். ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. அதோடு இன்னொன்று. உம்முடைய சிவப்பும் நகர்கிறது. நீலம் ஒருநாள், சிவப்பு ஒருநாள். இதையும் எலியின் கணக்கில் எழுதுவீரா?

அளக்கப்போன இடத்தில் அந்த மேசையை முதல்முறையாக நன்றாகப் பார்த்தேன். இவ்வளவு நாளும் என் மரக்காலையில் தூள் அள்ளுகிறானே என்று ஏசிக்கொண்டிருந்தவன் நான். காய்ந்த வயலுக்கு முதிரை மரத்தூளை அப்படியே சாயம் போடாமல் விட்டிருக்கிறான், அதன் மஞ்சளே போதும் என்று. செம்மண்ணுக்குப் பாலை மரத்தூள். பற்றைகளைப் பார்த்தால் முற்றின பீர்க்கங்கூட்டைப் பிய்த்து வைத்தவை. நாணலுக்குத் தும்புக்கயிற்றை வெட்டி நட்டிருக்கிறான். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற கடற்புல், சாதாளை கூட உண்மையான சாதாளைதான், காயவைத்து உதிர்த்தது. எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது விளாம்பிசின். கிண்ணியாத் துறையடியில் ஒரு மரம் சாய்ந்து நிற்கிறதே, அதையும் சாய்த்தே வைத்திருக்கிறான்.

என் மகனுக்கு இவ்வளவு பொறுமை இருந்தது எனக்குத் தெரியாது. அவன் வந்தால் சொல்ல வேண்டும்.

ஸெய்னுதீன்


வெள்ளவத்தை
29.10.1974

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். புல்லைப் பற்றி எழுதிய பகுதியில் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. இங்கிலாந்துச் சஞ்சிகைகளில் இந்தப் புல்லெல்லாம் டின்னில் அடைத்து விற்பதாகப் படம் போட்டிருப்பார்கள். கப்பலில் வர அரசாங்கம் விடாது, விட்டாலும் வாங்க எங்களிடம் வழியில்லை. "போகட்டும் மச்சான், எங்கட வாப்பாட மரக்காலைதான் எங்களுக்கு டின்" என்பான் ஸுஹைர்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. சிவப்பும் நகர்கிறது என்கிறீர்கள். ஸுஹைர் ஒருநாளும் என் படையைத் தொடமாட்டான். என் கடிதம் வரும்வரை ஒரு மாதமானாலும் காத்திருப்பான். ஆகவே அங்கே வேறு ஒரு கை இருக்கிறது, ஐயா. ஆட்டம் தெரிந்த, உயிருள்ள கை. அதைப் பிடிக்க வழி சொல்கிறேன்.

மரக்காலையில் வெளிறிய மரத்தூளாக எடுங்கள், மாம்பலகைத் தூள் நல்லது. மா அரிக்கும் அரிதட்டில் ஒருதரம் அரித்து, பிறகு மல்துணியில் சலியுங்கள். துணிக்குக் கீழே விழுவதுதான் வேண்டும். பாய் இழைக்கிறவர்களிடம் பச்சைச் சாயம் கொஞ்சம் வாங்கி, இரண்டு சட்டியில் கொதிக்கவிடுங்கள். ஒன்று கடுமையாக, மற்றது இலேசாக. இலேசான சட்டிக்கு மட்டும் ஒரு சிட்டிகை மஞ்சள். தூளைப் போட்டு ஊறவைத்து, வடித்து, நிழலில் கடதாசியில் பரப்புங்கள். காய்ந்த பிறகு இரண்டையும் கலக்க வேண்டும். ஒரே பச்சை என்றால் கதவுக்குப் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும் என்று அவன் சொல்வான்.

இந்தமுறை பிசின் வேண்டாம். கொடிக்காரனைச் சுற்றியும், அவனுக்கு எதிரே நிற்கிற சிவப்பைச் சுற்றியும், கையால் தூவி விடுங்கள். யார் தொட்டாலும் விரலடையாளம் விழும். மழைக்காலத்து ஈரக் கையில் சாயமும் பிடிக்கும், இலகுவில் போகாது.

ஒரு கெஞ்சல். அப்படி ஒரு மனிதக் கை அகப்பட்டால், தயவுசெய்து காதியாரிடம் போங்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

பாக்கியரத்தினம்


786
திருகோணமலை
14.11.1974

தம்பி,

உம்முடைய யோசனையைச் செய்தேன். சாயம் வாங்கக் கிண்ணியாவுக்குப் போய், பாய் இழைக்கிற சித்தி பரீதா என்பவளிடம் கேட்டேன். வீட்டில் பாய் இழைக்க ஆளில்லாத உங்களுக்குப் பாய்ச்சாயம் எதற்கு என்றாள். சும்மா என்று சொன்னேன். என் வயதில் ஒரு முதலாளி சும்மா பச்சைச் சாயம் வாங்கினால் ஊர் என்ன நினைக்கும் என்று நீர் யோசிக்கவில்லை. ஜெஸீமா இரண்டு சட்டியையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, மஞ்சளை மட்டும் எடுத்துத் தந்தாள். கலந்து தூவியபோது உண்மையாகவே புல்தான். குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்தநாள் காலையில் அசனா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். கோப்பையைப் பிடித்த விரல்கள் பச்சை.

தம்பி, மகனைப் பிடிக்க விரித்த வலையில் இந்தப் பிள்ளையா? அவள் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டுக் கையை ஒளித்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன். கல்யாணம் முடித்த காலத்தில் ஸுஹைர் அவளுக்கு ஆட்டத்தைப் பழக்கியிருக்கிறான். நீர் என்ன நகர்த்துவீர் என்று முன்கூட்டியே பார்ப்பதற்காக, உம்முடைய சிவப்பை அவளிடம் கொடுத்து விளையாடுவானாம்.

"அப்ப நீதான் எல்லாத்தையும் நகத்தினியா மகள்?" என்று கேட்டேன்.

"நான் செவப்ப மட்டுந்தான் தொட்டன் மாமா. நீலத்த நீங்க நகத்துறீங்க எண்டு நெனச்சன்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஒருநாள் அறையைக் கூட்டப் போனபோது கொடிக்காரன் வயலுக்குள் நிற்பதைக் கண்டிருக்கிறாள். மாமா மகனை நினைத்து அவன் பக்கத்தை விளையாடுகிறார், எதிர்ப்பக்கம் யாருமில்லாமல் தனியாக விளையாடுகிறாரே என்று அவளுக்குப் பாவமாகிவிட்டதாம். அதனால் சிவப்பை நகர்த்தி வைத்தாளாம். உம்மாவும் வாப்பாவும் வண்டியோடு வந்து கூப்பிட்டபோது போகாததும் அதற்காகத்தானாம்.

"நானும் போனா நீங்க யாரோட வெளாடுவீங்க?"

இந்த வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வக்கில்லாமல் இருந்த எங்களுக்குள், எனக்குத் துணையாக இந்தப் பிள்ளை தன் வாழ்க்கையைக் கட்டிப் போட்டிருக்கிறாள். நான் அதை என் மகன் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாக எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நான் நீலத்தைத் தொட்டதே இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. இரண்டு பேருமாக எழுந்து போய்ப் பார்த்தோம். சிவப்பைச் சுற்றித் தூளில் அவளுடைய விரலடையாளம் பதிந்திருந்தது. கொடிக்காரன் அரைச் சாண் முன்னே நின்றான். அவனைச் சுற்றி ஒரு விரலடையாளமும் இல்லை. அவன் வந்த வழி மட்டும் ஒடுக்கமாக அமுங்கி, ஈரத்தில் சாயம் கசிந்து கிடந்தது. மற்றப் பக்கமெல்லாம் தூள் காய்ந்தபடி இருக்கிறது. கூரையில் ஒழுக்கில்லை, ஏணி வைத்துப் பார்த்துவிட்டேன். அசனா அந்த ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு என்றாள்.

மனிதக் கை அகப்பட்டால் காதியாரிடம் போகச் சொன்னீர். அகப்பட்டது அவளுடைய கை. மற்றது யாருடையது? அதைச் சொல்லும், போகிறேன். அவன் எங்கே போகிறான்? சண்டைக்கா? உமக்குத்தான் அவன் ஆட்டம் தெரியும்.

ஸெய்னுதீன்


வெள்ளவத்தை
20.11.1974

வாப்பா,

இந்தமுறை ஏசினாலும் பரவாயில்லை, அப்படித்தான் எழுத வருகிறது.

நீங்கள் அளந்து எழுதியபடியே என் மேசையில் கொடிக்காரனையும் சிவப்பையும் நிறுத்திப் பார்த்தேன். துறையடியிலிருந்து வயல், வயலிலிருந்து பாதை, பாதையிலிருந்து திரும்பவும் புல். அவன் சண்டைக்குப் போகவில்லை. சண்டைக்கென்றால் மேற்கே என் கோட்டைப் பக்கம் திரும்பியிருப்பான், தன் ஆட்களையும் கூட்டி வந்திருப்பான். தனியாக, நேர்கிழக்கே போகிறான். மேசையின் கிழக்கு ஓரம் திறந்த கடல்.

எங்கள் ஆட்டத்தில் ஓரத்தைத் தாண்டி வெளியே போனவன் திரும்பி வரமாட்டான். ஸுஹைர் ஒருநாளும் அப்படி ஒருவனையும் வெளியே விட்டதில்லை. தோற்கப்போகிற நேரத்திலும் பிடித்து வைத்துக்கொண்டு என்னோடு வாதாடுவான். இப்போது அவனே போகிறான்.

ஆனால் போக ஏலாது. அசனா கடைசியாக வைத்த சிவப்பு அவனுக்கு நேர் எதிரே நிற்கிறது. எதிரி முகத்துக்கு நேரே நின்றால் சுற்றிப் போகக் கூடாது, ஒருவன் விலக வேண்டும். நீலத்துக்கு இனி நகர இடமில்லை. அவள் சண்டை பிடிக்கத் தெரியாமல் அங்கே வைத்தாளா, போகவிட மனமில்லாமல் மறித்தாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாமல் இருக்கலாம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். மற்றக் கை யாருடையது என்று நான் சொன்னால் நான் பைத்தியக்காரன், சொல்லாவிட்டால் பொய்க்காரன். அவன் வந்துகொண்டிருக்கிறான் என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் ஆசைப்பட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் கணக்குப் பிழையாகிவிட்டது.

சிவப்பு என் படை. ஆனால் அதை விலக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீங்களும் அவளும்தான் சொல்ல வேண்டும்.

பாக்கியரத்தினம்


786
திருகோணமலை
1.12.1974

மகன் பாக்கியரத்தினம்,

உம்முடைய கடிதத்தை அசனாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். வெளியே நல்ல மழை. ஜெஸீமாவும் அன்றுதான் முதல்முறையாக அந்த அறைக்குள் வந்து, கதவோடு சாய்ந்து நின்றாள்.

அசனா சிவப்பைத் தொடவில்லை. "நீங்க சொன்னா எடுக்கிறன் மாமா" என்றாள்.

காதியார் கேட்டதும் ஒரு வார்த்தைதான், மஹ்ரூப் கேட்டதும் அதுதான், நீர் கேட்டதும் அதுதான். எல்லாருக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அப்படிக் கேட்டபோது சொல்லாமல் இருக்க ஏலவில்லை. ஜெஸீமாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எடு மகள்" என்றேன்.

எடுத்தாள். அரைச் சாண் தள்ளி, பாதையோரத்தில் வைத்தாள். மூன்று பேரும் அறையை விட்டு வந்தோம்.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டுப் போய்ப் பார்த்தேன். கொடிக்காரன் மேசையில் இல்லை. அவன் போன தடம் கரைவரைக்கும் பச்சையாகக் கசிந்து, கடலுக்கு அடித்த நீலப் பெயின்டில் போய் முடிந்திருந்தது. கீழே விழுந்திருப்பான் என்று தரை முழுக்கத் தேடினேன். அலுமாரியை நகர்த்திப் பார்த்தேன். கூட்டின தூளையெல்லாம் அள்ளி அரிதட்டில் அரித்தேன். ஈயத்தில் ஒரு துணுக்குக்கூட அகப்படவில்லை. தேடும்போது நான் அழுதுகொண்டிருந்ததாக ஜெஸீமா பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

அன்றைக்கே காதியார் வீட்டுக்கு நடந்து போனேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் அவனுக்குக் காயிப் ஜனாஸா தொழுவித்தார்கள். மையித்து இல்லாத தொழுகை. முன்னால் வெறும் தரைதான் இருந்தது. சபைக்கு அறிவிப்பதற்காக, தொழுகை நடத்துகிற லெவ்வை என்னிடம் பெயரைக் கேட்டார். ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர்தான், ஆனாலும் தகப்பன் வாயால் வர வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றார். மவுத்தானவர் ஸுஹைர், ஸெய்னுதீனுடைய மகன் என்று சொன்னேன். சொன்ன பிறகும் நிற்கக் கால் இருந்தது. அது எனக்கே ஆச்சரியம்.

அசனா இங்கே எங்களோடு இத்தாவில் இருக்கிறாள். முடிந்ததும் குறிஞ்சாக்கேணிக்குப் போவாள், நானே கொண்டுபோய் விடுவேன். சீமெந்து இல்லாவிட்டால் பலகையால் கட்டலாம் என்று மஹ்ரூபிடம் சொல்லியிருக்கிறேன். அவளுடைய வீட்டுக்கு வேண்டிய கூரைமரம் முழுவதும் என் பொறுப்பு. நல்ல முதிரையாகத் தெரிந்து எடுத்து, நேற்றுக் காலையிலேயே மரம் அறுக்கும் வாளில் ஏற்றிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஜெஸீமா முற்றத்தைக் கடந்து மரக்காலைக்கு வந்தாள். அந்தச் சத்தத்தில் என் காதருகே வந்துதான் பேச வேண்டியிருந்தது. இந்த வருஷம் முழுக்கச் சரியாகக் கண்ணை மூடாத பிள்ளை இப்போதுதான் நித்திரை கொள்கிறாள், கொஞ்சம் நிறுத்துங்கள் என்றாள். நிறுத்தினேன். ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பாதி அறுத்த மரத்துக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் இருந்தேன். அவள் பின்னேரம்வரை நித்திரை கொண்டாள்.

வாப்பா